குதிரை மாண்டது, ஆடு நின்றது: முத்துக்கரைக் கால்நடைகளின் கதை

தூத்துக்குடிக் கரையைப் பற்றி எழுதுகிறவர்கள் முத்தில்தான் தொடங்குவார்கள். அதற்குக் காரணமும் உண்டு. கொற்கை முத்தைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். கிரேக்க மாலுமிகளின் கையேடான பெரிப்ளூஸ் அதைக் குறித்து வைத்திருக்கிறது. மார்க்கோ போலோ இக்கரையில் முத்துக்குளிப்பவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் முத்துக்குளிப்பு வருடந்தோறும் நடந்த தொழில் அல்ல. கடலடிச் சிப்பிப் படுகைகளான பார்களில் சிப்பி முற்றியிருக்கிறது என்று தெரிந்த ஆண்டுகளில் மட்டும் கடலில் இறங்குவார்கள். மற்ற ஆண்டுகளில் பார் சும்மா கிடக்கும். 1955 முதல் 1961 வரை நடந்ததே மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில் நடந்த கடைசி முத்துக்குளிப்பு. அதற்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பார்கள் திறக்கவில்லை.

இடைப்பட்ட காலமெல்லாம் இந்த நாட்டைத் தாங்கியது எது? உப்பு, பருத்தி, நெல், கருவாடு என்று ஒரு பட்டியல் சொல்லலாம். இவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கட்டத்தில் ஒரு வீட்டு விலங்கின் முதுகிலோ கழுத்திலோ ஏறித்தான் சந்தைக்கு வந்தன, அல்லது அதன் சாணத்திலிருந்து விளைந்தன. விலங்குகளின் பயன் என்றவுடன் பால், இறைச்சி, தோல், உழவு என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த வரிசையில் தவறில்லை. ஆனால் அது பாதிதான். மற்றப் பாதி, விலங்கை வளர்க்கத் தெரிந்த மனிதரிடமும் அது மேயும் நிலத்திலும் இருக்கிறது. அந்த இரண்டும் இல்லாவிட்டால் எவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய விலங்கும் நிலைக்காது. இதற்கு இரு பக்கச் சான்றும் இந்த ஒரே கரையில் கிடைக்கிறது. ஒன்று, பாண்டியர் காலத்தில் கடல்வழி வந்த அரபுக் குதிரை. மற்றொன்று, கரிசல் காட்டில் இன்றும் மேயும் ஆடு.

ஆதிச்சநல்லூரின் வெண்கல விலங்குகள்

தாமிரபரணியின் தென்கரையில், திருவைகுண்டத்துக்கு அருகே உள்ள ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் அலெக்சாண்டர் ரீ என்னும் தொல்லியலாளர் இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில் அகழ்வு நடத்தினார். முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகளும் பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் கிடைத்தன. வெண்கலக் கலங்களின் மூடிகளிலும் தாங்கிகளிலும் சிறு விலங்கு உருவங்களை வார்த்திருந்தார்கள். காட்டு விலங்குகளில் புலியும் மானும் யானையும் அவற்றில் இருந்தன. வீட்டு விலங்குகளில் எருமையும் ஆடும் சேவலும் இருந்தன.

இறந்தவரோடு புதைக்கும் கலத்தில் எருமையையும் ஆட்டையும் சேவலையும் வார்த்து வைத்த மக்களுக்கு, அவை வெறும் உணவாக இருந்திருக்க முடியாது. ஆற்றோரச் சேற்று நிலத்துக்கு எருமை, மேட்டுப் பரம்புக்கு ஆடு, வீட்டு முற்றத்துக்குச் சேவல் என்று இன்றைய தாமிரபரணிக் கரை ஊர்களில் காண்கிற அதே ஏற்பாடு ஏறக்குறைய அப்போதே அமைந்துவிட்டது என்று கொள்ள இடமிருக்கிறது. உலக வரலாற்றோடு பொருத்திப் பார்த்தால் இவர்கள் முதல் வளர்ப்பாளர்கள் அல்லர். வெள்ளாடும் செம்மறியும் மேற்கு ஆசியாவில் பழக்கப்பட்டுப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. திமில் உள்ள நம் மாடு சிந்துவெளிக்கு மேற்கே மெஹர்கார் பகுதியில் பழக்கப்பட்டு ஏறக்குறைய எட்டாயிரம் ஆண்டுகள். இவை எல்லாம் தெற்கே வந்து சேர்ந்தபின் இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்பத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. குதிரைக்கு மட்டும் அந்த வாய்ப்பு இங்கே அமையவில்லை.

காயலில் இறங்கிய குதிரைகள்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயல் பெருந்துறைமுகமாக இருந்தது. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இன்று பழையகாயல் என்று சிற்றூராக நிற்பதே அந்தத் துறைமுகம் என்று பிஷப் கால்டுவெல் அடையாளம் காட்டினார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து வரும் கப்பல்கள் குதிரை ஏற்றிக்கொண்டு காயலுக்கு வந்தன என்கிறார் மார்க்கோ போலோ. பாண்டிய அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவார்; அவருடைய சகோதரர்கள் நால்வரும் தத்தம் பங்குக்கு வாங்குவார்கள்; ஆண்டு முடிவில் நூறு குதிரைகூட உயிரோடு மிஞ்சாது என்பது அவர் சொல்லும் கணக்கு.

அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் வணிகத்தின் மறுபக்கத்தைச் சொல்கிறார். பாரசீக வளைகுடாவின் பெருவணிகர் ஜமாலுதீன் தம் சொந்தக் கொட்டிலிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பாடு செய்திருந்தார். அவருடைய சகோதரர் தகியுதீன் பாண்டியரின் அமைச்சராகவே இருந்து காயல் உள்ளிட்ட துறைகளைப் பார்த்துக்கொண்டார். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் விலை. வழியில் குதிரை இறந்தாலும் அதன் விலையை அரசுக் கருவூலம் கொடுத்துவிட வேண்டும். இன்னொரு இடத்தில் அவர் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் இந்தியக் கரைக்கு வந்தன என்றும், அவற்றின் மதிப்பு 22 லட்சம் தினார் என்றும் எழுதுகிறார். இந்த எண்களில் மிகை இருக்கலாம். ஆனால் மேற்கே இருந்து வந்த பயணியும் பாரசீகத்தில் இருந்த எழுத்தாளரும் ஒரே போக்கைச் சொல்வதால், பெருந்தொகை ஆண்டுதோறும் குதிரைக்காகக் கடல் கடந்து போனது என்பதில் ஐயமில்லை.

இவ்வளவு செலவழித்தும் குதிரைகள் ஏன் மாண்டன? இருவருமே வளர்ப்பு முறையைக் குறை சொல்கிறார்கள். சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் குதிரைக்குக் கொடுத்தார்கள் என்கிறார் போலோ. வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்டுச் சமைத்த தானியமும் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்கவைத்தார்கள் என்கிறார் வஸ்ஸாஃப். நாற்பது நாள் கொட்டிலில் கட்டிவைத்துக் கொழுக்கவிட்டு, பிறகு பழக்காமலே ஏறி விரட்டினார்கள் என்றும் சொல்கிறார். எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைப் போலோ குறிப்பிடுகிறார்: குதிரைக்கு வைத்தியம் பார்க்கவும் லாடம் அடிக்கவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை, அப்படிப்பட்டவர்கள் இந்தக் கரைக்கு வந்துவிடாதபடி குதிரை வணிகர்கள் தடுத்தார்கள். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த ஆண்டும் விற்பனை நடக்கும்!

அயல்நாட்டார் எழுதியதை அப்படியே ஏற்கத் தேவையில்லை. இறைச்சிச் சோறு என்பது பார்த்தவருக்கு விநோதமாகப்பட்ட ஏதோ ஒரு பழக்கத்தின் ஊதிப்பெருக்கிய வடிவமாக இருக்கலாம். ஆனால் விலங்கு விற்கப்பட்டது, விலங்கறிவு விற்கப்படவில்லை என்ற செய்தி வணிக நியாயத்தோடு முற்றும் பொருந்துகிறது. உலர்ந்த புல்வெளியில் பிறந்த குதிரைக்குக் கடலோர ஈரக்காற்று ஒவ்வாது. அதற்கேற்ற புல்லும் இங்கே குறைவு. இங்கே ஈனும் குட்டிகள் கால் கோணிப் பயனற்றுப் போயின என்று போலோ சொல்வதும் இதோடு சேர்கிறது. குதிரை படைக்கு வேண்டியிருந்தது, அரசருக்கு வேண்டியிருந்தது. ஊருக்கு அது வேண்டியிருக்கவில்லை. ஆகவே அதன் தீனியையும் நோயையும் ஈற்றையும் அறிந்த ஒரு குடி இங்கே உருவாகவே இல்லை.

மாணிக்கவாசகர் கதையில் அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கருவூலப் பொன்னை அமைச்சர் கையில் கொடுத்துக் கிழக்குக் கடற்கரைக்கு அனுப்புகிறான். பொன் கோயிலுக்குப் போகிறது. நரிகள் பரிகளாகி வந்து, இரவில் மீண்டும் நரிகளாகி ஓடிவிடுகின்றன. அதைப் பக்திக் கதையாகவே படிக்கிறோம். குதிரைக்காகக் கருவூலம் காலியான நாட்டில்தான் இப்படி ஒரு கதை நிலைபெற முடியும் என்பதையும் வரலாற்று மாணவர் கவனிக்கலாம்.

பருத்தி ஏற்றிய வண்டிமாடு

குதிரை அரசனைச் சுமந்தது என்றால் நாட்டைச் சுமந்தது காளை. தூத்துக்குடிக்கு வடக்கே எட்டயபுரம், கோவில்பட்டி, விளாத்திகுளம், புதூர் என்று விரியும் கரிசல் பூமியில் பருத்தி விளைந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது நின்றுபோக, இந்தியப் பருத்திக்குக் கிராக்கி உயர்ந்தது. ‘டின்னவெல்லி’ என்ற பெயரில் நம் கரிசல் பருத்தி உலகச் சந்தையில் அறியப்பட்டது. தூத்துக்குடிக்கு ரயில் வந்ததே 1876இல்தான். அதுவரை கரிசல் காட்டிலிருந்து கடற்கரை வரை பருத்திப் பொதி வந்ததெல்லாம் மாட்டுவண்டியில். ரயில் வந்த பிறகும் ஊரிலிருந்து ஸ்டேஷன் வரை வண்டிமாடுதான்.

கரிசல் மண்ணில் வண்டி ஓட்டுவது எளிதான காரியமல்ல. கோடையில் அந்த மண் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தால் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாக விதைக்கும் நிலத்தில், ஈரம் பதமாக இருக்கும் சில நாளுக்குள் உழுது விதைத்தாக வேண்டும். அந்தச் சில நாளில் ஏர் ஓட்ட மாடு இல்லாதவனுக்கு அந்த ஆண்டு வெள்ளாமை இல்லை. வருடம் முழுவதும் காளைக்குப் போடும் தீனி, அந்தச் சில நாளுக்காகக் கட்டும் காப்பீடு.

இந்தப் பொருளாதாரத்தில் ஒன்றும் வீணாகவில்லை. பருத்தியில் பஞ்சு கப்பலுக்குப் போயிற்று. கொட்டை மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. ஆட்டுரலில் அரைத்த பருத்திக்கொட்டைப் பால் காளையின் தோளுக்கு வலு தந்தது. கம்பு, சோளத்தின் கதிர் மனிதனுக்கு, தட்டை மாட்டுக்கு. எள்ளில் எண்ணெய் அடுக்களைக்கு, புண்ணாக்கு செக்கிழுத்த மாட்டுக்கே. ஆக, இங்கிலாந்து ஆலைக்குப் போன பருத்தியின் ஒரு பாகம் கரிசல் காளையின் உடம்பில் தங்கி, அடுத்த ஆண்டுப் பருத்தியை விளைவித்தது. 1888இல் ஹார்வி நிறுவனத்தார் தூத்துக்குடியில் தொடங்கிய கோரல் மில்லும் இந்தச் சுழற்சியின் ஓர் இணைப்புதான்.

அந்த மில்லில் 1908இல் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர் வ.உ. சிதம்பரனார். அவர் பிறந்த ஒட்டப்பிடாரமும் கரிசல் ஊரே. அதே ஆண்டு சிறைப்பட்ட அவரைக் கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்தார்கள். மாட்டைப் பூட்ட வேண்டிய இடத்தில் மனிதனைப் பூட்டியதுதான் அந்தத் தண்டனையின் கொடுமை. அந்தக் கல் செக்கு இன்று சென்னை காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. விடுதலைப் போராட்ட நினைவாக அதைப் பார்க்கிறோம், பார்க்கவும் வேண்டும். இன்னொன்றையும் அது காட்டுகிறது. ஒரு மனித உடலை முறிக்கக்கூடிய அந்த வேலையைத் தமிழகத்தின் ஒவ்வொரு ஊரிலும் காளைகள் நாள்தோறும் செய்துகொண்டிருந்தன. விலங்குகள் மனிதத் தோளிலிருந்து இறக்கிவைத்த சுமை எவ்வளவு என்பதை அளக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டியதில்லை.

உப்புக்கும் இதே கதைதான். உப்பு வணிகரான உமணர்கள் எருதுகள் பூட்டிய வண்டி வரிசையோடு உள்நாட்டுக்குப் போனதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் சுங்கச் சாவடிப் பெருவழியில் சென்றதைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. வண்டி போகாத தடத்தில் கழுதை போகும், கிடைத்ததைத் தின்னும். அந்தக் கழுதை இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறது. 2012க்கும் 2019க்கும் இடையே மட்டும் இந்தியாவில் கழுதைகளின் எண்ணிக்கை சுமார் 3.2 லட்சத்திலிருந்து 1.2 லட்சமாகச் சரிந்தது. பயன் முடிந்தது என்று நாம் நினைத்த விலங்கு எவ்வளவு விரைவில் மறைகிறது என்பதற்கு இது எச்சரிக்கை.

கிடை: நடமாடும் உரம்

இந்த மாவட்டத்தில் கால்நடைப் பயனின் மிக நுட்பமான வடிவம் ஆட்டுக்கிடை. கோனார்களும் பிற ஆட்டுக்காரர்களும் பகலெல்லாம் மேய்த்த ஆடுகளை இரவில் ஒரு சம்சாரியின், அதாவது விவசாயியின், வயலில் மறித்துப் படுக்கவைப்பார்கள். இதுதான் கிடை போடுவது. பல பேருடைய ஆடுகள் சேர்ந்து ஒரு கிடையாகும். சின்னக் குட்டிகளைக் கொடாப்பு என்னும் கூண்டில் மூடிவைப்பார்கள். காவலுக்கு நாய் உண்டு. ஒரு பகுதி நிறைய எரு விழுந்ததும் மறுநாள் கிடையை அடுத்த பகுதிக்கு மாற்றுவார்கள். நிலக்காரர் இதற்குப் பணமாகவோ தானியமாகவோ கூலி கொடுப்பார்.

வேளாண் பாடநூல்கள் தரும் கணக்கில் சாதாரணத் தொழு உரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ 0.5 விழுக்காடு, ஆட்டெருவில் 3 விழுக்காடு. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் அதேபோல ஆட்டெருவில் கூடுதல். தொழுவில் வீணாகப் போகும் மூத்திரமும் கிடையில் நேராக மண்ணில் இறங்கிவிடுகிறது. அள்ள ஆள் வேண்டாம், ஏற்ற வண்டி வேண்டாம். ஆடே நடந்து வந்து உரத்தை இட்டுவிட்டு, குளம்பால் மிதித்து மண்ணோடு கலந்துவிட்டுப் போகிறது.

இதன் பின்னால் உள்ள நாட்காட்டி இன்னும் நுட்பமானது. மழைக்காலத்தில் கரிசலில் வெள்ளாமை நிற்கும்போது ஆடுகள் தரிசுகளுக்கும் காட்டோரங்களுக்கும் ஒதுங்கும். கரிசல் அறுவடை முடிந்ததும் தட்டை நிற்கும் நிலம் மேய்ச்சலாகிறது. பிசான நெல் அறுத்தபின் தாமிரபரணிப் பாசனத்தில் வயல்கள் ஓய்ந்து கிடக்கும். அடுத்த பருவமான கார் நெல் நடவுக்கு இன்னும் நாள் இருக்கும். அந்த இடைவெளியில் கரிசல் கிடைகள் தெற்கே ஆற்றுப்பாசன ஊர்களை நோக்கி வரும். வறண்ட நிலத்துப் புல் இவ்வாறு நஞ்சையின் நெல்லுக்கும் வாழைக்கும் உரமாகிறது. மானாவாரி நாட்டுக்கும் ஆற்றுநாட்டுக்கும் இடையே பொருள் போக்குவரத்தை நடத்துகிறவர் ஆட்டுக்காரர். இரண்டு வேறுபட்ட நிலங்களின் பருவங்களும் அவருக்கு மனப்பாடம். எந்த ஊரில் எப்போது தண்ணீர் திறப்பார்கள், எந்தக் காட்டில் எந்தச் செடியைத் தின்றால் ஆடு ஊதும், எந்த ஈரத்தில் குளம்பு அழுகும் என்பதெல்லாம் அவரிடம் இருக்கும் அறிவு. காயலுக்கு வந்த குதிரையோடு வராத அறிவு இதுதான்.

இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் ‘கிடை’ என்றே ஒரு குறுநாவல் எழுதினார். ஓர் இலக்கியத்துக்கு மையமாக இருக்கும் அளவுக்கு அந்த ஏற்பாடு கரிசல் வாழ்வின் உள்ளே ஊடுருவியிருந்தது.

இந்த மண்ணின் இனங்கள்

தலைமுறைகளின் தேர்வு என்று சொன்னதற்கு உயிருள்ள சான்று இப்பகுதியின் ஆட்டினங்கள். விளாத்திகுளம் வட்டத்து வேம்பூரின் பெயரைத் தாங்கிய வேம்பூர்ச் செம்மறி, வெள்ளை உடலில் செந்நிறத் திட்டுகள் கொண்டது, காது தொங்கும். கீழக்கரைசல் செம்மறிக்கு உடம்பு கரும்பழுப்பு, அடிவயிறு கறுப்பு. கன்னி ஆடு வெள்ளாட்டு இனம். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு ஓடினால் பால்கன்னி, செம்பழுப்பு ஓடினால் செங்கன்னி என்பார்கள். உயரமான கால், வெயிலில் நெடுந்தொலைவு நடக்கும் திறன், பெரும்பாலும் இரட்டைக்குட்டி ஆகியவை கன்னி ஆட்டின் சிறப்பு. ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் இம்மூன்றையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது.

இந்த ஆடுகள் பால் மிகுதிக்காகவோ கம்பளிக்காகவோ உருவானவை அல்ல. கோடையில் காய்ந்த புல்லிலும், உடைமரத்து நெற்றிலும், கருவேல இலையிலும் பிழைத்து, குட்டியையும் காப்பாற்றிக்கொண்டு அடுத்த மழை வரை தாக்குப்பிடிப்பதுதான் அவற்றிடம் எதிர்பார்க்கப்பட்டது. அதைச் செய்கின்றன. மழை பொய்த்த ஆண்டில் பருத்தி போய்விடும், ஆடு இருக்கும். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், வீட்டில் ஒரு நோய், மகளுக்குச் சீர் என்று எது வந்தாலும் ஒன்றிரண்டு ஆடுகளைச் சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனால் பணம் கையில் வந்துவிடும். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முன்னே அந்தச் சந்தையில் வியாபாரிகள் பல மாவட்டங்களிலிருந்து வந்து நிற்பார்கள். நிலமில்லாத பெண்ணுக்கு ஆடுதான் கையிருப்பு. 2011இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடு வீதம் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியதற்கும் இந்த நியாயமே அடிப்படை.

துறைமுகக் கணக்கிலும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் இடமிருந்தது. 1911ஆம் ஆண்டுப் பிரிட்டானிகா கலைக்களஞ்சியம் தூத்துக்குடியின் ஏற்றுமதியைச் சொல்லும்போது, இலங்கைக்குப் போகும் அரிசியோடு உயிருள்ள கால்நடைகளையும் சேர்த்துக் குறிப்பிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பொன்னைக் கொடுத்துக் குதிரையை இறக்கிய கரை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் கால்நடையை ஏற்றி அனுப்பிப் பணம் ஈட்டியது. வளர்க்கத் தெரிந்த விலங்குக்கும் வளர்க்கத் தெரியாத விலங்குக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கே சொல்லிவிடுகிறது.

கடலும் கொட்டிலும்

கடலோரத்தில் விலங்கு வளர்ப்புக்கும் மீன்பிடிப்புக்கும் தொடர்பில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கொடுக்கல் வாங்கல் உண்டு. மனிதர் உண்ணாத சிறு மீன்களையும் கழிவு மீனையும் கடற்கரையில் காயப்போட்டுக் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். முட்டைக் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்துக்காகக் கிளிஞ்சல் பொடி சேர்க்கிறார்கள். உப்பளத்து உப்பு மாட்டுத் தொட்டியில் கழுநீரோடு கரைகிறது. ஆதிச்சநல்லூர் வெண்கலத்தில் நின்ற சேவலின் இனம் இன்று தமிழ்நாட்டின் பெரும் முட்டைத் தொழிலாகி, அதன் தீனியின் ஒரு பங்கைக் கடலிலிருந்து பெறுகிறது.

வளர்ப்பு என்ற எண்ணம் கடலுக்குள்ளேயும் இறங்கிப் பார்த்தது. தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 1973இல் முத்துச்சிப்பிக்குள் கருவைப் பதித்து வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். 1981இல் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்தார்கள். அறிவியலில் இது பெரிய வெற்றி. ஆயினும் கடலோர மக்களின் அன்றாடப் பிழைப்பாக அது இக்கரையில் வேர்விடவில்லை. ஆய்வகத்தில் கைவந்த வளர்ப்பறிவு குடிகளின் கைக்கு வந்து, தலைமுறையாகப் பழகினால்தான் ஓர் உயிர் வளர்ப்புயிர் ஆகும். காயல் குதிரை தந்த பாடத்தை முத்துச்சிப்பியும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

பயனுக்கு உள்ள விலை

வீட்டு விலங்குகளால் நன்மை மட்டுமே என்று எழுதுவது நேர்மையாகாது. வெறிநாய்க்கடியும் அடைப்பானும் விலங்கிலிருந்து மனிதருக்கு வரும் நோய்கள். கட்டுப்பாடில்லாத மேய்ச்சல் இளஞ்செடிகளை அழிக்கும். சீமைக்கருவேல நெற்றை ஆடு விரும்பித் தின்னும். கோடையில் அது நல்ல தீனி. ஆனால் செரிக்காத விதை எருவோடு போய் அடுத்த நிலத்தில் முளைக்கும். கரிசலிலும் கடற்கரையிலும் அந்த மரம் பரவியதில் ஆட்டுக்கும் பங்குண்டு. இவற்றுக்கு மருந்து விலங்கை விரட்டுவது அல்ல. தடுப்பூசியும், மேய்ச்சல் ஒழுங்கும், நெற்றை அரைத்துத் தீனியாகக் கொடுக்கும் பழக்கமும்தான். மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய் 2011இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதர் பூண்டோடு ஒழித்த நோய்களில் பெரியம்மைக்கு அடுத்தது அதுதான். தடுப்பூசியும் ஊர் ஊராக நடந்த கால்நடை மருத்துவர்களும் சேர்ந்து அதைச் சாதித்தார்கள்.

விலங்கின் துன்பமும் கணக்கில் வர வேண்டும். தூத்துக்குடி மாவட்ட ஊர்களில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து மாட்டுவண்டிப் பந்தயம் நடத்துகிறார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் இதற்கும் ஜல்லிக்கட்டுக்கும் தடை விதித்தது. 2017இல் இவற்றை அனுமதிக்கத் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. டிராக்டர் வந்தபின் உழவில் வேலை இழந்த நாட்டுக் காளையை இன்று பந்தயம்தான் பல ஊர்களில் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது ஒரு பக்கத்து வாதம். அந்தக் காப்பாற்றல் சாட்டையாலும் தார்க்குச்சியாலும் நடக்கக் கூடாது என்பது மறுபக்கத்து வாதம். இரண்டும் மெய்யே. சட்டம் விதித்த நிபந்தனைகளைப் பந்தயக் கமிட்டிகள் உள்ளபடி நிறைவேற்றுவதில்தான் இந்த மரபின் எதிர்காலம் இருக்கிறது.

மிகப் பெரிய சிக்கல் நிலம். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறியும் 99 லட்சம் வெள்ளாடும் இருந்தன. எண்ணிக்கை குறைவில்லை. மேயும் இடம்தான் குறைகிறது. இந்தக் கரையில் உப்பளம் விரிந்தது. அனல்மின் நிலையங்கள் வந்தன. கரிசலில் காற்றாலைகள் எழுந்தன. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இவற்றில் எதையும் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒவ்வொரு திட்டத்திலும் நிலக்காரருக்கு இழப்பீடு உண்டு. அந்த நிலத்தில் மேய்த்துவந்த ஆட்டுக்காரர் கணக்கிலேயே வருவதில்லை. பட்டாவில் அவர் பெயர் இல்லை. மேய்ச்சல் புறம்போக்கு போனால் கிடை போகும். கிடை போனால் தாமிரபரணி வயலுக்குப் போகும் எருவும் போகும். பிறகு அந்த இடத்தை யூரியா மூட்டை நிரப்ப வேண்டியிருக்கும். ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தொழிலை விட்டு நகரத்துக்குப் போவதும், கீழக்கரைசல் போன்ற இனம் கலப்பால் குறைந்துவருவதும் இதோடு சேர்ந்த இழப்புகள்.

செய்ய வேண்டியவை புரியாத புதிரல்ல. மேய்ச்சல் புறம்போக்குகளை ஊர்வாரியாக அளந்து, கிடைகள் செல்லும் தடங்களோடு சேர்த்து வருவாய்ப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நிலம் எடுக்கும் திட்டங்களில் மேய்ச்சல் இழப்பையும் இழப்பாக மதிக்க வேண்டும். விலையில்லா ஆடு கொடுக்கும்போது அந்தந்த மண்ணின் இனத்தையே கொடுக்க வேண்டும். கரிசலுக்குக் கன்னியும் வேம்பூரும் இருக்க வேறு இனம் தேட வேண்டியதில்லை. இயற்கை வேளாண்மைக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கைக் கிடை போடும் சம்சாரிக்கு மானியமாகத் தரலாம். கால்நடை மருத்துவக் கல்லூரிகள் மூத்த ஆட்டுக்காரர்களின் அறிவை அவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும்.

எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரை விலங்கை மட்டும் வாங்கி, வளர்ப்பறிவை வாங்காமல் விட்டது. அதற்கான விலையை ஆண்டுதோறும் பொன்னாகக் கொடுத்தது. இன்று விலங்கும் அறிவும் நம்மிடமே இருக்கின்றன. அந்த அறிவை நாமே கைவிட்டால், பிறகு அதை எந்தத் துறைமுகத்தின் வழியாகவும் இறக்குமதி செய்ய முடியாது.